பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தைத் திறங்கள்: ஒரு திறந்த மடல்

பள்ளித் தாளாளர், முதல்வர், மேல்நிலை வகுப்புகளின் கணித ஆசிரியர்கள் ஆகியோருக்கு,

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் வரை உங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் கணக்குப் பாடம் நடந்தது. அதற்குப் பிறகு நடக்கவில்லை. என் அண்ணன் மகளின் கணக்கு நோட்டைப் புரட்டினால் யாருக்கும் இது தெரியும். முக்கோணவியலில் கூட்டுக் கோணங்கள் வரை வந்து, ஒரு கணக்கு பாதியில் நிற்கிறது. அடுத்த பக்கத்தில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட புதுத் தலைப்பு: 'அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள்'. அது பிளஸ் டூ புத்தகத்தின் முதல் பாடம். முக்கோணவியலில் மீதி இருந்தது என்ன ஆயிற்று, அதற்குப் பிறகு பிளஸ் ஒன் புத்தகத்தில் இருக்கும் ஒன்பது பாடங்கள் என்ன ஆயின என்பதற்கு அந்த நோட்டில் பதில் இல்லை. அவளிடம் கேட்டேன். "பப்ளிக் இல்லையாம் அத்தை, அதனால இனிமே டுவெல்த் போர்ஷன்தான்" என்றாள்.

பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை. நீங்கள்தான் என்பது படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். மதுரைப் பக்கம் செக்கானூரணியைச் சுற்றி, உசிலம்பட்டி ரோட்டிலும் திருமங்கலம் ரோட்டிலும் இதைப் படிக்கிற வேறு பள்ளிக்காரர்களுக்கும் 'நம்மைத்தான் சொல்கிறாளோ' என்று தோன்றினால், அவர்களும் தங்களுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையின் பெயரை எழுதாததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

2025 ஆகஸ்ட் 8 அன்று மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் கிடையாது என்று அறிவித்தார்கள். அதை நான் வரவேற்கிறேன். பத்தாம் வகுப்பில் ஒன்று, பிளஸ் ஒன்னில் ஒன்று, பிளஸ் டூவில் ஒன்று என மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதுவது பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அதிகம்தான். ஆனால் அந்த அறிவிப்பில் எடுத்தது தேர்வை மட்டும். பாடத்திட்டத்தை யாரும் எடுக்கவில்லை, புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. பிளஸ் ஒன் வகுப்பில் பிளஸ் டூ நடத்துங்கள் என்று எந்த ஆணையும் உங்களுக்கு வரவில்லை. அந்த முடிவு நீங்களாக எடுத்தது.

பெற்றோர் கூட்டத்துக்கு அண்ணனுக்குப் பதில் நான்தான் வந்திருந்தேன். தாளாளர் ஐயா மைக்கில் கேட்டது நன்றாக நினைவிருக்கிறது: "பிளஸ் ஒன் மார்க்க எந்தக் காலேஜ்ல கேக்குறாங்க? ரெண்டு வருஷமும் டுவெல்த் புக்கையே ஓட்டுனா உங்க பிள்ளைக்குத்தான லாபம்?" கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மா, "நல்ல ஸ்கூலுக்குத்தான் வந்திருக்கோம்" என்று சொன்னார். அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் 200-இல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்பதும், கணக்கில் போகிற ஒரு மதிப்பெண் மற்ற இரண்டில் போகிற இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம் என்பதும் இப்போது எல்லா வீட்டிலும் தெரியும். அந்தப் பயத்தை வைத்துத்தான் நீங்கள் பேசினீர்கள்.

இந்தக் கதை எனக்குப் புதிதில்லை. நான் பிளஸ் டூ முடித்தது 2013-இல். அது வேறொரு பள்ளி, ஆனால் முறை இதேதான். பொறியியல் நுழைவுத் தேர்வு 2007-08 சேர்க்கையிலிருந்து எடுக்கப்பட்டது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய நன்மை, எனக்கே அதனால்தான் இடம் கிடைத்தது. ஆனால் பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்று ஆனதும் தனியார் பள்ளிகள் பல பிளஸ் ஒன் பாடத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டன. எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்த முதல் வாரமே பிளஸ் டூ அணிகள் பாடம். அப்போது கணக்குத் தேர்வு 200 மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண் நாற்பது, ஆறு மதிப்பெண் பத்து, பத்து மதிப்பெண் பத்து. எந்தப் பாடத்திலிருந்து எந்தப் பத்து மதிப்பெண் கணக்கு வரும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். நான் 196 வாங்கினேன். பிளஸ் ஒன் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டபோது அதன் அட்டைகூடக் கசங்கியிருக்கவில்லை.

மதுரைக்குப் பக்கத்திலேயே ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் பருவக் கணக்கில் இரண்டாவது அலகு தொடர்முறைகளும் தொடர்களும். ஒரு தொடர் குவிகிறதா, விரிகிறதா என்று பார்ப்பதற்கான சோதனைகள். பேராசிரியர் கரும்பலகையில் பெருக்குத் தொடரின் கூடுதலை ஒரு வரியில் எழுதிவிட்டு, "இதெல்லாம் லெவன்த்தில் படித்ததுதானே" என்று அடுத்ததற்குப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை, புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னார். வகுப்பில் சிபிஎஸ்இ-யில் படித்து வந்த சிலர் தலையாட்டினார்கள். நாங்கள் குனிந்துகொண்டோம். கணக்கில் 196 வாங்கினவளுக்கு முதல் பருவத்திலேயே கணக்கில் அரியர். எங்கள் ஹாஸ்டல் அறையில் நான்கு பேரில் மூன்று பேருக்கு அதே பேப்பர். வீட்டில் அப்பாவுக்கு அரியர் என்றால் என்ன என்று விளக்கவே பாதி நாள் ஆனது. "காலேஜ்ல சேந்ததும் புத்தி கெட்டுப் போச்சா?" என்று கேட்டார். புத்தியெல்லாம் அப்படியேதான் இருந்தது. ஒரு வருடப் பாடம்தான் இல்லை.

இப்படிப் பலர் விழுந்ததைப் பார்த்துத்தான் 2017-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்தது. 1200-ஆக இருந்த மொத்த மதிப்பெண் 600 ஆனது. 2018 மார்ச்சில் முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நடந்தது. அதே வருடம் செப்டம்பரில், உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் தேர்வு என்று ஒன்று இருந்ததால் பள்ளிகள் புத்தகத்தைத் திறந்தாக வேண்டியிருந்தது. அந்த ஒரு கட்டாயம் நீங்கிய வாரமே நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டீர்கள். அப்படியானால் இத்தனை வருடமும் பாடத்தை நடத்தியது பிள்ளைக்காகவா, தேர்வுக்காகவா?

இனி கணக்கையே பேசலாம், ஏனென்றால் கணித ஆசிரியர்களும் இதைப் படிப்பார்கள்.

அரையாண்டு விடுமுறையில் அவள் என்னிடம் 'வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள்' பாடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். எக்ஸ் பூச்சியத்தை நெருங்கும்போது, சைன் எக்ஸை எக்ஸால் வகுத்தால் எந்த மதிப்பை நெருங்கும் என்று கேட்டேன். லோபிதால் விதியைப் போட்டாள். மேலே வகையிட்டால் காஸ் எக்ஸ், கீழே வகையிட்டால் 1, எக்ஸுக்குப் பூச்சியம் போட்டால் விடை 1. அரை நிமிடம்கூட ஆகவில்லை, விடையும் சரி. "சைனை வகையிட்டால் காஸ் வரும்னு எப்படித் தெரியும்?" என்றேன். "ஃபார்முலா ஷீட்ல இருக்கு."

அந்த ஃபார்முலாவை வருவிக்க வேண்டுமென்றால், நான் கேட்ட அதே எல்லை மதிப்பு முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதாவது கேள்வியின் விடையை வைத்துக்கொண்டுதான் அவள் அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்திருக்கிறாள். அது அவளுக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை, ஏனென்றால் எல்லை என்றால் என்ன என்பது பிளஸ் ஒன் புத்தகத்தின் ஒன்பதாம் பாடம். வகையிடும் முறைகள் பத்தாம் பாடம். இரண்டும் அவளுக்கு நடக்கவில்லை. ஒரு ஷீட்டில் இருபது சூத்திரங்களை அச்சடித்துக் கொடுத்து, அந்த இரண்டு பாடமும் முடிந்ததாகக் கணக்குக் காட்டிவிட்டீர்கள்.

அன்றைக்கு உட்கார்ந்து ஓரலகு வட்டம் ஒன்றை வரைந்தோம். அதில் ஒரு சின்னக் கோணம். உள்ளே ஒரு முக்கோணம், அதைவிடக் கொஞ்சம் பெரிதாக வட்டக்கோணப் பகுதி, அதையும் தாண்டித் தொடுகோடு வரை போகிற வெளி முக்கோணம். மூன்று பரப்பையும் வரிசையாக எழுதினால் சைன் எக்ஸ், எக்ஸ், டேன் எக்ஸ் மூன்றும் சிறியதிலிருந்து பெரியதாக நிற்கின்றன. அதிலிருந்து, நாம் தேடுகிற வகுத்தல் காஸ் எக்ஸுக்கும் 1-க்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. கோணம் சுருங்கச் சுருங்க காஸ் எக்ஸும் 1-ஐ நோக்கி வருகிறது. நடுவில் இருப்பதற்கு வேறு எங்கும் போக இடமில்லை. கோணத்தை ஏன் டிகிரியை விட்டுவிட்டு ரேடியனில் எடுக்கிறோம் என்பதும் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும். ஒரு பீரியடுக்குள் அடங்குகிற விஷயம். முடித்ததும் அவள் நோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத ஏன் எங்களுக்குச் சொல்லல?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வது முறையில்லை. உங்களிடமே அனுப்பி வைக்கிறேன்.

இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். சேர்ப்பு அணி கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். முதல் இரண்டு நிரை, நிரல்களைத் திரும்ப எழுதி, முதல் நிரையையும் நிரலையும் அடித்துவிட்டு இரண்டுக்கிரண்டாகப் பெருக்கிக் கழித்துக்கொண்டே போவது. எல்லோரும் செய்வதுதான், நேரம் மிச்சம். ஆனால் அந்தச் சேர்ப்பு அணிக்கே அடிப்படையான இணைக்காரணி என்றால் என்ன என்று கேட்டால் அவள் விழிக்கிறாள். அணிக்கோவை பிளஸ் ஒன் ஏழாம் பாடம். வெக்டர்களின் திசையிலிப் பெருக்கமும் வெக்டர் பெருக்கமும் எட்டாம் பாடம். அவை தெரியாமல் பிளஸ் டூவில் மூன்று வெக்டர்களின் பெருக்கத்துக்குப் போக முடியாது. பிரதியிடல் முறையும் பகுதித் தொகையிடலும் பதினொன்றாம் பாடம். அதைத் தொடாமல் வரையறுத்த தொகையிடலையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் எப்படி நடத்தப் போகிறீர்கள்? அதற்கும் ஒரு ஷீட் வருமா? 2018-இல் பிளஸ் ஒன்னுக்கும் 2019-இல் பிளஸ் டூவுக்கும் வந்த புதுப் புத்தகங்கள் இரண்டு வருடத்துக்கும் சேர்த்து எழுதப்பட்டவை. இரண்டாவதின் பாடத் தலைப்புகளில் 'பயன்பாடுகள்' என்று திரும்பத் திரும்ப வருகிறதே, எதன் பயன்பாடு? நாற்று விடாமல் நடவுக்கு ஆள் கூப்பிடுகிற வேலை இது. எங்கள் ஊரில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

இவையாவது பிளஸ் டூவில் எங்கேயாவது இடிக்கும்போது ஆசிரியர் நின்று சொல்லிக்கொடுக்க வாய்ப்பு உண்டு. சேர்ப்பியல் (எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம், வரிசைப்படுத்தலாம் என்று எண்ணுவது), கணிதத் தொகுத்தறிதல், ஈருறுப்புத் தேற்றம், தொடர்முறைகள் என்று சில பகுதிகளுக்குப் பிளஸ் டூவில் தொடர்ச்சியான பாடமே இல்லை. இந்த வருடம் விட்டால் பள்ளிப் படிப்பில் அவற்றை இனிப் பார்க்கவே முடியாது. ஆனால் என்ஐடி போன்ற மத்தியக் கல்லூரிகளுக்கான ஜேஇஇ மெயின் தேர்வு கேட்பது இரண்டு வருடப் பாடத்தையும். சென்னை கணிதவியல் கழகத்தின் நுழைவுத் தேர்வு மாதிரியானவற்றில் சேர்ப்பியல் தெரியாத பிள்ளை கேள்வியைப் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். என் அண்ணன் மகளுக்குப் பொறியியலைவிடக் கணக்கின் மேல்தான் ஆசை. அப்படி ஒரு படிப்பு இருக்கிறது, அதற்குத் தனித் தேர்வு இருக்கிறது என்று போன மாதம்தான் அவளிடம் சொன்னேன். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

உங்கள் பள்ளியிலேயே சில பிள்ளைகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. சனி, ஞாயிறு மதுரைக்கு வண்டியில் போய் அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் கோச்சிங் படிக்கிறவர்கள் அவர்கள். அங்கே பிளஸ் ஒன் பாடத்தை ஒழுங்காக நடத்துகிறார்கள். ஆக, ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரில் காசு இருக்கிறவருக்கு இரண்டு வருடப் படிப்பு, இல்லாதவருக்கு ஒரு வருடப் படிப்பு. ஆனால் கட்டணம் இரண்டு பேரிடமும் இரண்டு வருடத்துக்கு வாங்குகிறீர்கள். அண்ணன் இந்த வருடக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்தான். ரசீதில் 'பதினொன்றாம் வகுப்பு' என்றுதான் போட்டிருக்கிறது.

கணித ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை. இதை உங்கள் மேல் பழி போடுகிற கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தனை சென்டம் என்று மே மாதத்தில் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்பதும், அந்த எண்ணை வைத்துத்தான் அடுத்த வருடச் சம்பளம் பேசுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என்னோடு படித்த தோழிகள் இரண்டு பேர் இதே வேலையில் இருக்கிறார்கள். பிளஸ் ஒன் பாடம் நடத்த உங்களுக்கே ஆசை இருக்கும். ஆனால் "மிஸ் இத அப்படியே எழுதிப் பழகச் சொன்னாங்க" என்று பிள்ளைகள் வீட்டில் வந்து சொல்லும்போது, அந்த வார்த்தை உங்கள் வாயிலிருந்துதான் வந்திருக்கிறது.

சென்டம் என்ற கணக்கிலேயே பார்த்தாலும் இந்த வழி முழுதாக உதவாது. இப்போதைய தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு, உள்மதிப்பீடு 10. முப்பதாவது கேள்வியும் நாற்பதாவது கேள்வியும் கட்டாய வினாக்கள், தவிர்த்துவிட்டு வேறொன்றை எழுத முடியாது. ஒரு மதிப்பெண் இருபதிலும் யோசிக்க வைக்கிற கேள்விகள் வருகின்றன. மனப்பாடம் 90, 92 வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் ஏற வேண்டுமானால் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். செக்கானூரணி பஸ் நிறுத்தத்தில் நீங்கள் வைக்கிற ஃபிளக்ஸுக்கே கூட பிளஸ் ஒன் புத்தகம்தான் உதவும்.

நேரம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்கு இரண்டு புத்தகம். நீங்கள் ஒரு புத்தகத்தை இரண்டு வருடம் ஓட்டுவது, கடைசியில் ரிவிஷன் டெஸ்ட் மேல் ரிவிஷன் டெஸ்ட் வைப்பதற்காக. அதே கணக்கை அதே பிள்ளை ஆறாவது தடவையாக எழுதுகிற நேரத்தில் எல்லைகள் பாடத்தை முடித்துவிடலாம். காலாண்டுத் தேர்வில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளஸ் ஒன் வினாத்தாள் வந்தது. அதற்கு முந்தைய நாள் வரப்போகிற கேள்விகளைப் போர்டில் எழுதிப் போட்டு, விடைகளையும் எழுதிப் போட்டார்கள். 88 வாங்கினாள். அந்த விடைத்தாளில் இருக்கிற எந்தக் கணக்கையும் அவளால் இன்று போட முடியவில்லை. டிசம்பர் 22-ஆம் தேதி ராமானுஜன் படத்துக்கு மாலை போட்டு, கோலப்போட்டி நடத்தி, புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டீர்கள். என்ன சொல்ல.

சரி, உங்களிடம் கேட்பது இவைதான்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற வாரத்திலிருந்து பிளஸ் ஒன் வகுப்பில் பிளஸ் ஒன் கணக்கை நடத்துங்கள். முக்கோணவியலில் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் மார்ச்சுக்குள் முடிக்க முடியாது என்று எனக்கும் தெரியும். அணிக்கோவை, வெக்டர், எல்லைகள், வகையிடல், தொகையிடல் ஐந்தையும் இந்த வருடத்துக்குள் ஒழுங்காக முடியுங்கள். சேர்ப்பியல், ஈருறுப்புத் தேற்றம், தொடர்முறைகள், நிகழ்தகவு, மற்ற மீதியை ஆண்டுத் தேர்வுக்குப் பிறகும் ஜூன் மாதத்திலும் வையுங்கள். அதற்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று தனியாகப் பணம் கேட்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிய கட்டணத்தில் அடங்கிய பாடம் அது.

எந்த மாதம் எந்தப் பாடம் என்று ஒரு தாளில் எழுதி எல்லாப் பெற்றோருக்கும் அனுப்புங்கள். வீட்டுப்பாடமும் பிறந்தநாள் வாழ்த்தும் அனுப்புகிற அதே குரூப்பில் அனுப்பினால் போதும்.

பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வு நடத்திய பாடத்திலிருந்து நேர்மையாக நடக்க வேண்டும். கேள்விகளை முந்தைய நாள் போர்டில் எழுதக் கூடாது. விடைத்தாளைப் பெற்றோருக்குக் காட்டுங்கள். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும், அந்த மதிப்பெண்ணை எந்தக் கல்லூரியிலும் கேட்பதில்லை என்று தாளாளர் ஐயாவே சொல்லியிருக்கிறார்.

பிளஸ் ஒன் வகுப்பு எடுக்கிற ஆசிரியரின் வேலையைச் சென்டம் எண்ணிக்கையை வைத்து அளக்க மாட்டோம் என்று அவர்களுக்கு எழுத்தில் கொடுங்கள். அது இல்லாமல் மேலே கேட்ட எதுவும் நடக்காது.

இதைப் படிக்கிற கல்வி அதிகாரிகளுக்கு: பள்ளிக்கு ஆய்வுக்கு வரும்போது பதிவேட்டைப் பார்க்காதீர்கள், அதில் எல்லாம் முடிந்திருக்கும். கடைசி பெஞ்சில் இருக்கிற இரண்டு பிள்ளைகளின் கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள். தேதி போட்டிருப்பார்கள்.

கைதட்டிய பெற்றோர்களுக்கு: இன்றிரவு உங்கள் பிள்ளையின் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியை எடுத்துவரச் சொல்லுங்கள். புதுசாக இருந்தால் நாளைக்கு பள்ளிக்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கும் நான்தான் வருவேன். அதற்குள் பாட அட்டவணை வந்துவிட்டால் பேச வேண்டிய அவசியம் இருக்காது. வராவிட்டால் அந்தக் கூட்டத்தில் மைக்கை ஐந்து நிமிடம் எனக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தியின் அத்தை,
செக்கானூரணி